டைமிங் செயினும் டைமிங் பெல்ட்டும்

டைமிங் செயின், டைமிங் பெல்ட் இரண்டும் கார் எஞ்சினில் ஒரே வேலையைச் செய்பவை: கிராங்க்ஷாஃப்ட்டின் சுழற்சியைக் கேம்ஷாஃப்ட்டுக்குக் கொண்டுசேர்த்து, பிஸ்டன் ஏறி இறங்கும் கணக்குக்கு ஏற்ப வால்வுகளைத் திறந்து மூடுவது. ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க்ஷாஃப்ட் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம்ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்றும். இந்தக் கணக்குப் பிசகினால், இன்றைய எஞ்சின்கள் பெரும்பாலானவற்றில், திறந்து நிற்கும் வால்வின் மேல் பிஸ்டன் மோதும். வால்வுகள் வளையும், சில வேளை எஞ்சினையே கைவிட வேண்டியதாகும். செயின் உள்ள கார் ஆயுசுக்கும் ஓடும், பெல்ட் உள்ள கார் எப்போது காலை வாருமென்று தெரியாது என்பது பழைய கார் வாங்குவோரிடம் வேரூன்றிய எண்ணம். தெற்கு லண்டனின் நோர்பரியில் கார்கள் ஓடும் விதத்தை வைத்துப் பார்த்தால் இந்த எண்ணம் நிற்பதில்லை. அங்கே ஆயுளைத் தீர்மானிப்பவை எஞ்சின் ஓடிய மணி நேரமும் ஆயிலின் தரமும்தான்.

இன்றைய செயினின் மூலம் ஹான்ஸ் ரெனால்ட் 1880இல் மான்செஸ்டரில் உருவாக்கிய ரோலர் செயின். பெல்ட் பின்னால் வந்தது. பெருமளவில் தயாரான கார்களில் பல் வைத்த ரப்பர் பெல்ட்டை முதலில் கொண்டுவந்தது ஜெர்மனியின் கிளாஸ் நிறுவனம், 1962இல். விலை குறைவு, எடை குறைவு, சத்தம் குறைவு, ஆயில் தேவையில்லை என்பதால் அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் சிறிய கார்கள் பலவும் பெல்ட்டுக்கு மாறின. இந்தியாவின் மாருதி 800 அவற்றில் ஒன்று. குறிப்பிட்ட காலத்தில் மாற்றியே ஆகவேண்டும் என்பது பெல்ட்டின் குறை. அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் மாருதியின் கே வரிசை போன்ற பிந்திய எஞ்சின்கள் மீண்டும் செயினுக்கு வந்தன. ஆனால் வரலாறு ஒரே திசையில் போகவில்லை. ஃபோக்ஸ்வாகனின் 1.2, 1.4 டிஎஸ்ஐ எஞ்சின்கள் முதலில் செயினோடு வந்து, தேய்மானப் புகார்களில் பெயர் கெட்டு, 2012இல் வந்த அடுத்த தலைமுறையில் பெல்ட்டுக்கு மாறின. இரும்பு எப்போதும் வெல்லுமென்றால் இந்த மாற்றம் நடந்திருக்காது.

குரோய்டன் நகரசபைக்கு உட்பட்ட நோர்பரியை ஊடறுத்துச் செல்வது ஏ23 லண்டன் சாலை. ஸ்ட்ரெத்தமுக்கும் தோர்ன்டன் ஹீத்துக்கும் நடுவே சிக்னலும் பஸ் நிறுத்தமுமாக நகரும் சாலை அது. ஒரு கணக்குப் போடலாம். சராசரி 10 மைல் வேகத்தில் 10,000 மைல் ஓட 1,000 மணி நேரம் வேண்டும். நெடுஞ்சாலையில் 60 மைல் வேகத்தில் 167 மணி நேரம் போதும். நகரில் எஞ்சின் நிமிடத்துக்கு 1,200 சுற்று, நெடுஞ்சாலையில் 2,400 சுற்று என்று வைத்தாலும், நகரக் காரின் செயின் மூன்று மடங்கு சுழன்றிருக்கும்; மைல் மீட்டரோ இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். கடைக்கும் பள்ளிக்கும் போய்வரும் குறுகிய ஓட்டங்களில் எஞ்சின் முழுச் சூடு ஏறாது. எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் கலந்து அதன் வழுக்கும் தன்மையைக் குறைக்கும். செயின் இழுபட்டுவிட்டது என்று மெக்கானிக் சொல்வது, கண்ணிகளின் ஊசிகள் இப்படித் தேய்ந்து மொத்த நீளம் கூடுவதைத்தான். அந்தத் தளர்வை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரும் பெரும்பாலும் ஆயில் அழுத்தத்தில் இயங்குவதே.

ஆயிலின் பங்கு எவ்வளவு என்பதற்கு எண்ணெயில் நனைந்தபடி ஓடும் வெட் பெல்ட் நல்ல சாட்சி. எசெக்ஸின் டண்டனில் ஃபோர்டு வடிவமைத்து 2012இல் வெளிவந்த 1.0 ஈக்கோபூஸ்ட் எஞ்சினில் இருந்தது இந்த வகை. சென்னைக்கு அருகே மறைமலைநகரில் தயாராகி, 2014 முதல் சில ஆண்டுகள் பிரிட்டனில் விற்ற ஈக்கோஸ்போர்ட்டிலும் இதே எஞ்சின் கிடைத்தது. 10 ஆண்டு அல்லது 150,000 மைல் தாங்கும் என்று நிறுவனம் குறித்திருந்தது. தவறான ஆயிலோ பெட்ரோல் கலந்த ஆயிலோ ரப்பரைச் சிதைக்க, உதிர்ந்த துகள்கள் ஆயில் பம்பின் வடிகட்டியை அடைத்து, பெல்ட் அறுமுன்பே எஞ்சின் வறண்டு கெட்ட கார்கள் உண்டு. பின்னர் ஃபோர்டு இந்த எஞ்சினின் கேம்ஷாஃப்ட்டுக்குச் செயினைக் கொண்டுவந்தது. பியூஜோ, சித்ரோயன் கார்களின் 1.2 பியூர்டெக் எஞ்சினும் அதே பாதையில் போனது.

ஓடிய நேரமும் ஆயிலும்தான் ஆயுளைத் தீர்மானிக்கின்றன என்பதற்கு மறுப்புகள் உண்டு. லண்டனில் வாடகைக்கு ஓடும் டொயோட்டா பிரையஸ்கள் செயினோடுதானே லட்சக்கணக்கான மைல் ஓடுகின்றன என்பார்கள். உண்மைதான், ஆனால் நாள் முழுதும் ஓடும் வாடகைக் கார் அடிக்கடி குளிர்ந்து கிளம்புவதில்லை, நெரிசலில் நிற்கும்போது ஹைபிரிட் எஞ்சின் அணைந்துவிடுகிறது, பிழைப்பு அதை நம்பியிருப்பதால் ஆயிலும் தவறாமல் மாறுகிறது. செயின் கலகலவென்று சத்தமிட்டு எச்சரிக்கும், பெல்ட் சொல்லாமல் அறும் என்பது வலுவான மறுப்பு. ஆனால் சத்தம் கேட்ட பிறகு ஆகும் செலவும் சிறிதல்ல: பிஎம்டபிள்யூவின் என்47 டீசலில் செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருப்பதால், அதை மாற்ற எஞ்சினையோ கியர்பாக்ஸையோ கழற்றவேண்டும். பெல்ட்டுக்கோ தேதி முன்கூட்டியே தெரியும்; மைல் குறைவாக ஓடினாலும் ஆண்டுக் கெடு முடிந்ததும், பெரும்பாலும் வாட்டர் பம்போடு சேர்த்து மாற்றிவிட்டால் அச்சம் நீங்கும்.

2023 ஆகஸ்ட் 29இல் மாசு மிகுந்த வாகனங்களுக்கான யூலெஸ் கட்டண வலயம் லண்டன் முழுதும் விரிந்தபோது நோர்பரியும் அதற்குள் வந்தது. பெட்ரோல் கார் யூரோ 4, டீசல் கார் யூரோ 6 தரத்தில் இல்லாவிட்டால் நாளுக்கு 12.50 பவுண்டு. ஆகவே பத்துப் பதினைந்து வயதுள்ள சிறிய பெட்ரோல் கார்களுக்கு அங்கே மதிப்பு உண்டு. பெல்ட்டும் செயினும் சோதனைக்கு உள்ளாவது அந்த வயதில்தான். ஆண்டுதோறும் நடக்கும் எம்ஓடி வாகனத் தகுதிப் பரிசோதனை இவற்றைப் பார்ப்பதில்லை. எனவே வாங்குபவர் கேட்கவேண்டியவை இரண்டு: பெல்ட் என்றால் அதை மாற்றிய பில், செயின் அல்லது வெட் பெல்ட் என்றால், நிறுவனம் சொன்ன அதே தர ஆயிலை ஆண்டுதோறும் மாற்றியதற்கான பில்கள். இவை இல்லாத செயின் காரைவிட, போன ஆண்டு பெல்ட் மாற்றிய கார் நம்பத்தக்கது.