இரண்டு 'எனக்கு ஒன்றுமில்லை'

பக்கவாதத்தில் இடப்பக்கம் செயலிழந்த சிலரிடம் "இடக்கையைத் தூக்குங்கள்" என்று டாக்டர் சொன்னால், "தூக்கிட்டேனே" என்பார்கள். கை படுக்கையிலேயே கிடக்கும். பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் பாபின்ஸ்கி 1914-இல் இதற்கு அனோசோக்னோசியா என்று பெயர் வைத்தார்.

இன்னொருவர் நமக்கு நன்கு தெரிந்தவர். விடியுமுன் ஜொகூரின் கெலாங் பாத்தாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் இரண்டாம் இணைப்புப் பாலம் கடந்து சிங்கப்பூரின் துவாஸுக்கு வேலைக்குப் போகிறவர் என்று வைத்துக்கொள்வோம். சீட்டுக்கு அடியில் காலி சம்சு சாராயப் போத்தல். மனைவி எடுத்துக் காட்டினால், "அது எப்பவோ வாங்கினது. நெனைச்சா நாளைக்கே விட்டுடுவேன்" என்கிறார்.

முன்னவருக்கு இரக்கம், பின்னவருக்கு ஏச்சு. இந்தப் பாகுபாடு பாதிதான் நியாயம்.

கைகால் விழுந்தவர் தன் கையை ஒளித்து வைப்பதில்லை. குடிப்பவர் போத்தலை ஒளிக்கிறார், ஆகவே அவருக்குத் தெரிந்திருக்கிறது என்று வாதாடலாம். பொய்யும் இருக்கத்தான் செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மூளை ஆய்வாளர் ரீட்டா கோல்ட்ஸ்டீன் குழுவினர் கொக்கைன் பழக்கமுள்ளவர்களிடம் செய்த சோதனையைப் பாருங்கள். விதவிதமான படங்களைக் காட்டி விருப்பம்போல் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். பிறகு எந்த வகைப் படத்தை அதிகம் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டார்கள். சொன்னதும் செய்ததும் பலருக்கு ஒத்துப்போகவில்லை. படம் பார்த்ததை மறைத்து யாருக்கு என்ன லாபம்?

கோல்ட்ஸ்டீனும் வேறு சில ஆய்வாளர்களும் 2009-இல் எழுதிய கட்டுரை, உடலின் உள்நிலையை உணர்த்தும் இன்சுலாவையும், தவறு நடந்தால் எச்சரிக்கும் முன் சிங்குலேட் பகுதியையும் இந்தத் தன்னுணர்வுக் குறைவோடு தொடர்புபடுத்திச் சுட்டியது. அனோசோக்னோசியாவிலும் வலப்பக்க இன்சுலாவின் பெயர் அடிபடுகிறது. ஆனால் பக்கவாதத்தில் அந்தத் திசு செத்துப்போகிறது. போதைப் பழக்கத்தில் அது உயிரோடு இருந்தும் வேலையில் மந்தமாகிறது. அதனால்தானோ என்னவோ பின்னவரின் தன்னுணர்வு வந்து வந்து போகிறது. திங்கட்கிழமை காலைத் தலைவலியோடு ஒப்புக்கொள்வார், மாலையில் மறுப்பார்.

முன்னவருக்கும் இப்படி ஒரு இடைவெளி உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன், தன் பக்கவாதத்தை மறுத்துவந்த மூதாட்டி ஒருவரின் இடக்காதில் குளிர்நீர் விட்டுப் பார்த்தார். "ஆமாம், கை அசையவில்லை" என்று அவர் ஒப்புக்கொண்டார். பல மணி நேரம் கழித்துக் கேட்டபோது பழைய மறுப்பே திரும்பியது. ஒப்புக்கொண்டது நினைவிலேயே இல்லை. விபத்தில் அடிபட்டுக் கிடந்தபோது கற்பூரம் அணைத்துச் செய்த சத்தியம் அடுத்த சம்பள நாளோடு போய்விடுவதைப் பார்த்த குடும்பங்களுக்கு இது புதிதல்ல.

அடித்துப் பேசி ஒப்புக்கொள்ள வைப்பது இருவரிடமும் பலிப்பதில்லை. குடிப்பவர்களைப் பற்றி உளவியலாளர் வில்லியம் மில்லர் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், ஆலோசகர் எவ்வளவுக்கு எதிர்த்துப் பேசினாரோ அவ்வளவுக்கு ஒரு வருடம் கழித்தும் குடி கூடுதலாக இருந்தது.

2009-இல் வெளியான இன்னோர் ஆய்வில், தன் பக்கவாதத்தை மறுத்துவந்த பெண்ணுக்கு அவரைப் படம்பிடித்த வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள். அப்போதே ஒப்புக்கொண்டார், பிறகு மறுக்கவில்லை. 1935-இல் அமெரிக்காவில் தொடங்கிய, குடியை விட விரும்புகிறவர்கள் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான் என்பது என் கணிப்பு. அங்கே யாரும் யாரையும் குடிகாரன் என்று சொல்வதில்லை. எழுந்து நிற்கிறவர் தன் கதையைத்தான் சொல்கிறார். சீட்டுக்கு அடியில் ஒளித்ததை, பிள்ளையின் பள்ளிக் காசில் கைவைத்ததை. கேட்டுக்கொண்டிருப்பவர் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.