பரணிலிருந்து இறங்கிய வீடியோ கேம்

சென்ற காலாண்டில் நம் குடியிருப்பில் மின்கழிவு சேகரித்தது உங்களுக்கு நினைவிருக்கும். பழுதான மிக்ஸி, உப்பிப்போன பேட்டரி, பழைய மோடம் இவற்றுக்கிடையே ஒரு அட்டைப்பெட்டியும் வந்தது. உள்ளே ஒரு வீடியோ கேம், இரண்டு ரிமோட், ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி, மூன்று மஞ்சள் கேசட்டுகள். அதை வண்டியில் ஏற்றப் போன நேரத்தில் பக்கத்தில் நின்றிருந்த மூன்று பேர், "ஐயோ, அதை மட்டும் போட்டுடாதீங்க!" என்றோம். மூவருக்கும் வயது நாற்பதுக்கு மேல்.

பெட்டி இப்போது சங்க அலுவலக அலமாரியில் இருக்கிறது. வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா என்று அடுத்த கூட்டத்தில் முடிவு செய்ய வேண்டும். அதற்கு முன் அந்தப் பெட்டியின் கதையை நீங்கள் தெரிந்துகொண்டால் நல்லது.

ஜப்பானிலிருந்து நம் தெருவுக்கு

1983 ஜூலையில் ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' என்ற 8 பிட் விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. 1990-களில் அதே வகைக் கருவிகள் நம் ஊர்க் கடைகளுக்கு வந்தன. சாமுராய், மீடியா, லிட்டில் மாஸ்டர் என்று பல பெயர்கள்; பல கருவிகள் அசலைப் பார்த்துச் செய்த நகல்கள். கேசட்டின் மேல் '9999 இன் 1' என்று போட்டிருக்கும். உள்ளே பத்துப் பதினைந்து ஆட்டங்கள்தான் பெயர் மாறித் திரும்பத் திரும்ப வரும்.

தில்லை நகர்க் குறுக்குத் தெருக்களில் தனி வீடுகள் நிறைய இருந்த காலம் அது. தெருவில் ஒரு வீட்டில் வீடியோ கேம் வாங்கினால் போதும், விடுமுறை முழுக்க அந்த வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கும். டயனோராவோ சாலிடேரோ, டிவியின் பின்னால் ஆன்டெனா ஒயரைப் பிடுங்கிவிட்டு கேம் ஒயரைச் செருகி, படம் தெளியும்வரை டியூன் செய்ய வேண்டும். படம் வராவிட்டால் கேசட்டைக் கழற்றி, வாயால் ஊதி, மறுபடி போடுவோம். உண்மையில் ஊதியதால் எந்தப் பயனும் இல்லை. கழற்றி மாட்டியதில் முனைகள் சரியாகப் பொருந்தின, அவ்வளவுதான்.

40 கேபிக்குள் ஓர் உலகம்

1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸின் மொத்த அளவு 40 கிலோபைட். நம் வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் வருகிற ஒரு 'இனிய காலை வணக்கம்' படமே அதைவிடப் பெரிதாக இருக்கும்! இடம் போதாததால் அதில் மேகத்துக்கும் புதருக்கும் ஒரே படத்தைத்தான் போட்டார்கள். நிறம் மட்டும் வேறு. இத்தனை நாள் நீங்கள் கவனித்தீர்களா?

பெட்டியில் இருக்கும் துப்பாக்கி 1984-இல் வந்த 'டக் ஹன்ட்' ஆட்டத்துக்கானது. அதிலிருந்து ஒளி எதுவும் வெளியே போவதில்லை. ஒளியை உள்ளே வாங்கும் கண்தான் அதில் இருக்கிறது. விசையை அழுத்தியதும் திரை ஒரு நொடித்துளி கறுத்து, வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக மின்னும். துப்பாக்கியின் கண் அந்த வெள்ளையைப் பார்த்தால் வாத்து விழும். பார்க்காவிட்டால் நாய் எழுந்து சிரிக்கும். பிக்சர் டியூப் டிவி படம் வரையும் வேகத்தை நம்பிச் செய்த ஏற்பாடு இது. உங்கள் வீட்டு எல்இடி டிவியில் எத்தனை முறை சுட்டாலும் வாத்து விழாது.

கான்ட்ராவில் கடன் வாங்கிய உயிர்

ஆனால் அன்று அங்கே நின்ற மூவரும் முதலில் பேசியது கான்ட்ராவைப் பற்றித்தான். கொனாமி நிறுவனத்தின் இந்த ஆட்டம் 1988-இல் வீட்டுக் கருவிகளுக்கு வந்தது. மூன்றே உயிர்கள், ஒரு குண்டு பட்டால் ஓர் உயிர் போச்சு. மேல் மேல் கீழ் கீழ், இடம் வலம் இடம் வலம், பி, ஏ என்று அழுத்தினால் முப்பது உயிர் கிடைக்கும் என்பது உலகம் முழுக்கப் பரவிய ரகசியம்.

அதில் இருவர் சேர்ந்து ஆடலாம். அருவிக் கட்டத்தில் ஒருவர் அவசரப்பட்டு மேலே ஏறினால் திரையும் கூடவே ஏறும். கீழே தங்கியவர் செத்துப்போவார். "டேய், இருடா, நானும் வரேன்!" என்று கத்தாத வீடு இருந்திருக்காது. இன்னொன்றும் உண்டு. உங்கள் உயிரெல்லாம் தீர்ந்துவிட்டால் கூட்டாளியின் கையிருப்பிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்ததற்காக நடந்த சண்டைகளை நாங்கள் இன்னும் மறக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. மூவரும் படத்தின் அழகைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. யார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதைத்தான் பேசினோம்.

அதன் பிறகு

கம்ப்யூட்டர் வகுப்புகளில் ஆசிரியர் திரும்பிய நேரத்தில் ஆடிய டேவும் (1988), பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவும் (1989) வந்தன. அந்த இளவரசன் அவ்வளவு இயல்பாக ஓடியதற்குக் காரணம் உண்டு. ஜோர்டன் மெக்னர் தன் தம்பியை ஓடவும் தாவவும் விட்டு வீடியோ எடுத்து, அதைப் பார்த்து வரைந்தார். 1997-இல் நோக்கியா போனில் பாம்பு வந்தது. 2020 ஊரடங்கில் நம் வீட்டுப் பெரியவர்கள் மும்பைப் பக்கத்து நிறுவனம் ஒன்று செய்த லூடோ கிங்கில் வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகளோடு தாயம் உருட்டினார்கள்.

2023 ஜூலையில் 'வெண்பா' வந்தது. கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. கிழிந்துபோன சமையல் குறிப்பைப் பார்த்து நீங்கள்தான் இட்லி வார்க்க வேண்டும். அம்மாவுக்கும் தமிழை விட்டு விலகும் மகனுக்கும் நடுவே அந்தச் சமையல்தான் பாலம். டொரன்டோவில் ஒரு சிறு குழு செய்த இந்த ஆட்டம் 2024-இல் பாஃப்டா விருது வாங்கியது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகள் நம் குடியிருப்பில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். அவர்கள் ஒருமுறை ஆடிப் பார்க்கலாம்.

இன்றைய பிள்ளைகள் தனியாக ஆடுகிறார்கள் என்று நான் குறை சொல்லவில்லை. ஹெட்போனில் அவர்களும் நண்பர்களோடு கத்திக்கொண்டுதான் ஆடுகிறார்கள். ஆனால் அந்த நண்பர் எதிர் பிளாக்கில் இருக்கிறாரா, எந்த ஊரில் இருக்கிறார் என்று கேட்டால் பல பேருக்குத் தெரியவில்லை.

ஒரு வேண்டுகோள்

ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க வீட்டோடு உட்கார்ந்து பரமபதம் ஆடுவார்கள். அதுபோல அரையாண்டு விடுமுறையில் ஒரு மாலை நம் சமூகக் கூடத்தில் இந்தப் பெட்டியை இயக்கிப் பார்க்கலாம் என்பது என் யோசனை. மின் இணைப்பையும் ஒயரையும் சரிபார்க்க நம் எலக்ட்ரீஷியன் ஒப்புக்கொண்டிருக்கிறார். குறைவது ஒரு பிக்சர் டியூப் டிவி மட்டும்தான். சென்ற முறை மின்கழிவு வண்டியில் நாமே நான்கை ஏற்றி அனுப்பிவிட்டோம்!

உங்கள் பரணில் ஒன்று மிச்சம் இருந்தால், தயவுசெய்து கூட்டத்துக்கு முன் அலுவலகத்தில் சொல்லுங்கள். அது கிடைக்காவிட்டாலும் கான்ட்ரா எல்இடி டிவியில் ஓடும். வாத்து மட்டும் தப்பித்துக்கொள்ளும்.