கடுகுக்குள் காரம் புகுந்த வழி

“கடுகு சிறுத்தாலும் காரம் போகாது” என்பது நாம் அறிந்த பழமொழி. ஆனால், முழுக் கடுகை மோந்தால் நெடியில்லை. அரைத்து நீர் சேர்த்தாலோ மூக்கைத் துளைக்கும். காரணம் என்ன?

பிரெஞ்சு இரசாயன அறிஞர் பியூசி 1840ஆம் ஆண்டில் விடை கண்டார். கருங்கடுகில் சினிகிரின் என்னும் பொருளும், அதைச் சிதைத்துக் காரமாக்கும் மைரோசின் என்னும் நொதியும் உள்ளன என்றார். மைரோசின் தனி உயிரணுக்களில் உறைவதை 1890இல் கினியார் என்னும் அறிஞர் காட்டினார். பூச்சி கடித்து உயிரணுக்கள் சிதையும்போதே இரண்டும் கலந்து காரம் பிறக்கிறது. செடிக்கு அதுவே காவல்.

சினிகிரின் போன்ற பொருள்களைக் குளுக்கோசினோலேட்டு என்பர். இவை மிகுந்த பிண்ணாக்கைத் தின்னும் கால்நடைகளின் தைராய்டு சுரப்பி கெடும். அதற்காகச் செடியிலிருந்தே இவற்றை அகற்றினால், பயிர் பூச்சிக்கு இரையாகும். இந்த இக்கட்டுக்கு வழி யாது?

கடுகினத்தைச் சேர்ந்த அரபிடாப்சிஸ் என்னும் சிறு செடியை ஆராய்ந்த கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தார் 2012இல் அதைக் கண்டனர். பிற உறுப்புகளில் உண்டாகும் இப்பொருளை விதைக்குள் சேர்ப்பவை இரண்டு புரதங்களே. அவ்விரண்டையும் முடக்கியதும் விதையில் அப்பொருள் காணப்படவில்லை. இலையிலும் காய்த்தோலிலும் பத்து மடங்குக்கு மேல் மிகுந்தது. புதுதில்லி ஆய்வாளர்கள் இம்முறையை இந்தியக் கடுகிலும் கையாண்டு, 2023இல் பயன் கண்டனர். விதையில் அப்பொருள் குறைந்தது. இலையில் காவல் நின்றது.

காரம் பிறக்கும் விதத்தை அறிந்த பின், அது விதைக்குள் புகும் வழியை அறிய 172 ஆண்டுகள் ஆயின. காவலையும் தீவனத்தையும் ஒருங்கே காக்கும் வழி அதன் பின்னரே புலப்பட்டது.