தோட்டப் பாடசாலையும் விடுமுறைக் கட்டட வேலையும்

தொழிலாளரின் 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளித்தல் வேண்டும், அதற்கென ஓர் அறையை ஒதுக்கிப் பேணுதல் வேண்டும் என்று தோட்டத் துரைமாருக்கு 1907ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. ஓர் அறை! நெடுங்காலம் நம் மலைநாட்டிற் பாடசாலை என்றால் அந்த ஓரறையும் ஓராசிரியருமே. பெரியோர் இதனை நன்கறிவர். 1945இல் வந்த இலவசக் கல்வியும் தோட்ட எல்லையோடு நின்றுவிட்டது. 1970களின் பிற்பகுதியில் அரசாங்கம் பொறுப்பேற்ற பின்னரே நிலைமை மாறியது. அடுத்த பத்தாண்டில் சுவீடன் நாட்டின் உதவியுடன் நுவரெலியா மாவட்டத்திற் புதிய கட்டடங்கள் எழலாயின.

கட்டட வேலையைப் பிள்ளைகள் வராத விடுமுறையில் வைத்துக்கொள்வதே வழக்கம். ஆனால் எந்த விடுமுறையில்? தமிழகத்தாரின் நீண்ட கோடை விடுமுறை நமக்கில்லை. ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் எனத் தவணை விடுமுறைகளே பெரும்பாலும் உண்டு. ஓகஸ்டில் அட்டன், பொகவந்தலாவைப் பக்கம் தென்மேற்குப் பருவமழை ஓயாது. வெட்டிய அத்திவாரம் குளமாகிவிடும். அதே மாதத்தில் மலைக்கு அப்பால் உடப்புசல்லாவையில் வெயில் காயும். அங்கு மழை டிசம்பரில். ஆகவே கொழும்பிலிருந்து எல்லோருக்கும் ஒரே திகதி குறித்தல் பொருந்தாது. அட்டன் பக்கத்தார் டிசம்பர் விடுமுறையில் அத்திவாரம் வெட்டி, சித்திரை விடுமுறைக்குள் கூரையை ஏற்றிவிட வேண்டும்.