முத்துச் சல்லடையும் பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸும்

பொதுத் தேர்வு நெருங்குகிறது. நம் குடியிருப்பில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைத் திருப்பிப் படிக்க வைக்க வேண்டிய பெற்றோரும் இருக்கிறீர்கள். "நெறிமுறை என்றால் என்ன?" என்று கேட்டால், புத்தகத்து வரியைப் பிள்ளைகள் மூச்சுவிடாமல் ஒப்பித்துவிடுவார்கள். அதையே சற்று மாற்றிக் கேட்டால் திணறுவார்கள். அவர்களுக்குக் கைகொடுக்கும் பாடம் ஒன்று நம் கடற்கரையின் வரலாற்றிலேயே இருக்கிறது.

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-ல். அதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே, மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் முத்து வியாபாரிகள் ஒரே முறையில்தான் தரம் பிரித்து வந்தார்கள். அவர்களிடம் சிறு கிண்ணம் போன்ற பத்துப் பித்தளைச் சல்லடைகள் இருந்தன. எண்களே அவற்றுக்குப் பெயர்: 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000. எண் கூடக் கூடத் துளை சிறுக்கும். முத்துகளை முதலில் 20-ல் போட்டுச் சலிப்பார்கள். விழுந்தவை 30-க்குப் போகும், அதிலும் விழுந்தவை 50-க்கு. எந்தச் சல்லடையில் தங்குகிறதோ, அதுவே அந்த முத்தின் வகுப்பு. பிறகு உருட்சியும் ஒளியும் பார்த்து, ஆணிமுத்து முதல் தூள் வரை கண்ணாலேயே தரம் பிரிப்பார்கள்.

இப்போது பிளஸ் டூ பாடத்தில் வரும் குமிழி வரிசையாக்கத்தை நினைத்துப் பாருங்கள். அதில் பக்கத்துப் பக்கத்து எண்களை ஒப்பிட்டு இடம் மாற்றிக்கொண்டே போக வேண்டும். 1000 முத்துகளை அப்படி அடுக்கினால் 4,99,500 ஒப்பீடுகள் வரை ஆகலாம். சல்லடை முறையில் எந்த முத்தையும் இன்னொரு முத்தோடு ஒப்பிடுவதே இல்லை. ஒரு முத்துக்கு அதிகம் போனால் பத்துச் சோதனை, 1000 முத்துக்குப் பத்தாயிரம். ஆனால் சல்லடை பத்து வகுப்புகளைத்தான் தரும். ஒரே வகுப்புக்குள் எது பெரிது, எது சிறிது என்று சொல்லாது. வியாபாரிக்கு அவ்வளவே போதும். என்ன விடை வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்து, அதற்கேற்ற வழியைத் தேர்ந்தெடுப்பதுதான் நெறிமுறையின் உயிர்.

அடுத்தது விலை. உயர்ந்த தர முத்துகளுக்குச் 'செவ்வு' என்ற கணக்கு இருந்தது. மொத்த எடையை மஞ்சாடியில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, அதில் முக்கால் பங்கை முத்துகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். ஒரே முத்து 4 மஞ்சாடி என்றால் 16-ல் முக்கால், 12 செவ்வு. நான்கு முத்துகள் சேர்ந்து அதே 4 மஞ்சாடி என்றால் 3 செவ்வுதான். எடை ஒன்று, மதிப்போ நாலில் ஒன்று. பெரிய முத்து கிடைப்பது அரிது என்பதை அந்த ஒரு பெருக்கலுக்குள் அடக்கிவிட்டார்கள். இதில் பிசகினால் பேரம் பேசும் இருவரில் ஒருவருக்கு நஷ்டம் நிச்சயம்.

இந்தச் செவ்வுக் கணக்கைப் பைத்தானில் எழுதச் சொல்லுங்கள். உள்ளீடு எது, வெளியீடு எது, மாறிகள் எத்தனை என்று கேளுங்கள். மேலே உள்ள இரண்டு கணக்குகளையும் கொடுத்து, 12-ம் 3-ம் வருகிறதா என்று சரிபாருங்கள். கடைசியாக, "எண்ணிக்கை 0 என்று கொடுத்தால்?" என்று கேளுங்கள். முத்தே இல்லாமல் வியாபாரி விலை பேச மாட்டார். கணினிக்கு அது தெரியாது, 0-ஆல் வகுக்கப் போய்ப் பிழை காட்டி நின்றுவிடும். அதனால்தான் வகுப்பதற்கு முன்பே ஒரு நிபந்தனை வைக்க வேண்டும். இதைப் பிள்ளைகள் தாங்களாகவே சொல்லிவிட்டால், நிபந்தனைக் கூற்று பற்றி எப்படித் திருப்பிக் கேட்டாலும் விடை எழுதுவார்கள்.

தேர்வு எழுதும் நம் குடியிருப்புப் பிள்ளைகள் அனைவருக்கும் வாழ்த்துகள்.