கோழிச் சண்டையும் பிக்-அப் லோரியும்

இன்றைய உரையின் தலைப்பை அறிவித்தபோது அரங்கில் சிலர் சிரித்ததைக் கவனித்தேன். கோழிக்கும் லோரிக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்திருப்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. உலகின் மிகப் பெரிய கார் நிறுவனங்களின் ஏற்றத்தையும் வீழ்ச்சியையும் பற்றிப் பேச வேண்டுமானால் கோழியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அமெரிக்கத் துறைமுகத்தில் வெளிநாட்டுக் கார் ஒன்று வந்து இறங்கினால் 2025 வரை பல்லாண்டுகளாக அதற்கு 2.5 விழுக்காடுதான் இறக்குமதித் தீர்வையாக இருந்தது. அதே கப்பலில் பின்புறம் திறந்த தட்டு வைத்த பிக்-அப் வந்தால் 25 விழுக்காடு. எடையிலும் விலையிலும் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் தீர்வை மட்டும் பத்து மடங்காக இருந்தது. இதற்குக் காரணம் 1960களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் விற்கப்பட்ட கோழி.

இரண்டாம் உலகப் போருக்கு முன்பு ஐரோப்பாவில் கோழிக்கறி என்பது விருந்துச் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமையோ பண்டிகையோ வந்தால்தான் சட்டியில் கோழி வேகும். அமெரிக்கர்கள் அந்த நிலையை மாற்றினார்கள். பெரிய கொட்டகைகளில் ஆயிரக்கணக்கில் கோழிகளை அடைத்து, கணக்குப் பார்த்துத் தீனி போட்டு, சில வாரங்களிலேயே அறுப்புக்குத் தயாராக்கும் முறையைக் கண்டுகொண்டார்கள். ஆர்க்கன்சா, ஜார்ஜியா மாநிலப் பண்ணைகளின் கோழி உறைய வைக்கப்பட்டுக் கப்பலேறி மேற்கு ஜெர்மனிக்கு வந்தது. உள்ளூர்க் கோழியைவிட விலை குறைவு. இல்லத்தரசிகள் மகிழ்ந்தார்கள். நாலைந்து ஏக்கரில் கோழி வளர்த்துப் பிழைத்த ஜெர்மானிய, பிரெஞ்சு, டச்சு விவசாயிகள் கொதித்தார்கள்.

அப்போதுதான் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் தனது பொது விவசாயக் கொள்கையை வகுத்துக்கொண்டிருந்தது. 1962-இல் இறக்குமதிக் கோழிக்கான தீர்வை ஏறக்குறைய மும்மடங்கானது. அமெரிக்கக் கோழிக்கு ஜெர்மானியச் சந்தை கிட்டத்தட்ட அடைபட்டது.

பெர்லின் சுவர் எழுப்பப்பட்டு ஓராண்டே ஆகியிருந்த காலம் அது. கியூபாவில் ஏவுகணை நெருக்கடி வெடித்ததும் அதே 1962-இல்தான். அத்தகைய நேரத்திலும் அதிபர் கென்னடிக்கும் ஜெர்மானியப் பிரதமர் அடினாவருக்கும் இடையே கோழியைப் பற்றிக் கடிதங்கள் பறந்தன. தாமும் கென்னடியும் எழுதிக்கொண்ட கடிதங்களில் பாதி கோழியைப் பற்றியதாகத்தான் இருக்கும் என்று அடினாவரே பின்னர் குறிப்பிட்டதாகச் சொல்வார்கள். கோழி மாநிலமான ஆர்க்கன்சாவின் செனட்டர் ஃபுல்பிரைட், நேட்டோ நாடுகளின் அணு ஆயுதம் பற்றிய விவாதத்தின் நடுவே எழுந்து கோழிப் பிரச்சினையைக் கிளப்பினார். நமக்கு வேடிக்கையாகத் தெரியலாம். ஆனால் கோழி வளர்த்தவனுக்கு அது வயிற்றுப் பிரச்சினை.

தங்களுக்கு 46 மில்லியன் டாலர் இழப்பு என்றது அமெரிக்கா. இல்லை, 19 மில்லியன்தான் என்றது ஐரோப்பா. வர்த்தகப் பொது உடன்பாட்டின் கீழ் அமைக்கப்பட்ட குழு 1963 நவம்பரில் 26 மில்லியன் என்று தீர்ப்புச் சொன்னது. அந்த மாதம் 22-ஆம் தேதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்து வந்த அதிபர் ஜான்சன் பதவியேற்ற இரண்டு வாரத்துக்குள், டிசம்பர் 4-ஆம் தேதி, பதிலடி உத்தரவில் கையெழுத்திட்டார். உருளைக்கிழங்கு மாவு, டெக்ஸ்ட்ரின் என்ற மாவுப்பொருள், விலை உயர்ந்த பிராந்தி, இலகு ரக லோரி ஆகிய நான்கு பொருள்களின் மீதும் தீர்வை உயர்ந்தது. லோரிக்கு 25 விழுக்காடு. 1964 ஜனவரி 7 முதல் அது நடப்புக்கு வந்தது.

நான்கையும் பொறுக்கி எடுத்த விதத்தைப் பாருங்கள். மாவு நெதர்லாந்துக்கு அடி. பிராந்தி பிரான்சுக்கு அடி. லோரி ஜெர்மனிக்கு, அதிலும் குறிப்பாக வோக்ஸ்வேகன் நிறுவனத்துக்கு அடி. அதன் வேனும் அதிலிருந்து செய்யப்பட்ட சிறு பிக்-அப்பும் அமெரிக்காவில் நல்ல பெயர் எடுத்துக்கொண்டிருந்தன. 1964-இல் மேற்கு ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குள் போன லோரிகளின் மதிப்பு முந்தைய ஆண்டின் மூன்றில் ஒரு பங்காக இறங்கியது.

ஆனால் வர்த்தக உடன்பாட்டில் ஒரு விதி உண்டு. ஒரு நாட்டை மட்டும் தனியாகப் பிடித்துத் தண்டிக்க முடியாது. போட்ட தீர்வை எல்லா நாட்டுக்கும் பொது. அதனால் கோழிச் சண்டையில் சம்பந்தமே இல்லாத ஜப்பானும் இந்த வலையில் விழுந்தது. மற்ற மூன்று பொருள்களின் மீதான கூடுதல் தீர்வை பிற்பாடு நீக்கப்பட்டது. லோரித் தீர்வை மட்டும் அசையவில்லை. சண்டை மறந்துபோன பிறகும் அது நீடித்ததற்கு ஒரே காரணம், அதனால் பயன்பெறுவோர் டெட்ராய்ட் நகரில் இருந்தார்கள் என்பதுதான்.

சுவர் இருந்தால் ஏணியும் வரும். 1970களில் ஜப்பானியர் ஒரு வழி கண்டார்கள். பின்தட்டைக் கழற்றிவிட்டு ஓட்டுநர் கூண்டையும் அடிச்சட்டத்தையும் மட்டும் அனுப்பினால் அது முழு லோரி அல்ல, தீர்வை 4 விழுக்காடுதான். தட்டை அமெரிக்காவில் பொருத்திக்கொள்ளலாம். டாட்சனும் டொயோட்டாவும் இப்படி வந்தன. இதில் சுவையான செய்தி என்னவென்றால், அமெரிக்க நிறுவனங்களும் அதே ஏணியில் ஏறின. ஃபோர்டு விற்ற 'கூரியர்' ஜப்பானில் மஸ்டா செய்தது. ஜெனரல் மோட்டார்ஸ் விற்ற 'லவ்' இசுசு செய்தது. தாங்கள் செய்யத் தெரிந்துகொள்ளாத சிறு பிக்-அப்பை எதிராளியிடம் வாங்கிப் பெயர்ப் பலகையை மாற்றி விற்றார்கள். சுபாரு நிறுவனம் தனது 'பிராட்' வண்டியின் பின்தட்டிலேயே இரண்டு இருக்கைகளைப் பொருத்தி, இது பயணிகள் கார் என்று சொல்லித் தப்பித்தது. அந்த வண்டி ஒன்று ரோனல்ட் ரீகனின் பண்ணையிலும் ஓடியது.

1980-இல் கூண்டு மட்டும் அனுப்பும் வழி அடைக்கப்பட்டது. இங்கே நியாயமாகப் பேச வேண்டும். அந்தச் சுவர் நன்மையே செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. வழி அடைபட்ட காலத்தையொட்டி ஜெனரல் மோட்டார்ஸ் 'எஸ்-10' என்ற சிறு பிக்-அப்பையும் ஃபோர்டு 'ரேஞ்சர்' என்ற பிக்-அப்பையும் சொந்தமாகச் செய்து விற்றன. நன்றாகவே விற்றன. ஜப்பானியரும் சும்மா இருக்கவில்லை. டென்னசி மாநிலத்தில் ஸ்மிர்னா என்ற ஊரில் நிசான் தொழிற்சாலை திறந்தது. 1983 ஜூனில் அங்கிருந்து வெளிவந்த முதல் வண்டி ஒரு பிக்-அப். டொயோட்டா பின்னாளில் டெக்சஸ் மாநிலத்துக்கே போய் லோரி செய்தது. வேலை அமெரிக்காவுக்கு வந்தது உண்மை. ஆனால் வந்தது டெட்ராய்ட்டுக்கு அல்ல, தொழிற்சங்கம் வலுவில்லாத தென் மாநிலங்களுக்கு.

டெட்ராய்ட் என்ன செய்தது? பெரிய பிக்-அப் பக்கம் சாய்ந்தது. ஃபோர்டின் 'எஃப்' வரிசை 1977 முதல் அமெரிக்காவில் அதிகம் விற்கும் லோரி. அதன் இலாபம் சிறு காரின் இலாபத்தைப் போல் பன்மடங்கு. அடிச்சட்டத்தின் மேல் உடலைத் தூக்கி வைக்கும் பழைய அமைப்பு. புதிதாக மூளையைக் கசக்க வேண்டிய வேலை குறைவு. எரிபொருள் சிக்கனச் சட்டமும் கைகொடுத்தது. 1975-இல் வந்த அந்தச் சட்டத்தின் கீழ் லோரிகளுக்குக் காரைவிடத் தளர்வான விதி. இதில் இன்னொரு கூத்தும் உண்டு. 1989-இல் அமெரிக்க நிதி அமைச்சு, நான்கு கதவுள்ள பெரிய குடும்ப வண்டிகள் தீர்வைக் கணக்கில் கார் என்று முடிவு சொன்னது. எரிபொருள் சட்டத்தின் கண்ணுக்கோ அதே வண்டி லோரி. ஒரே வண்டிக்கு இரண்டு பிறப்புப் பத்திரம்!

குடும்பத்தில் ஒரு பிள்ளை மட்டும் சம்பாதித்தால் மற்றப் பிள்ளைகள் தொழில் கற்றுக்கொள்வதில்லை. அப்படித்தான் ஆயிற்று. சிறு காரில் ஜப்பானியர் ஆண்டுக்கு ஆண்டு முன்னேறினார்கள். அமெரிக்க நிறுவனங்கள் பெரிய லோரியின் இலாபத்தில் காலம் தள்ளின. 2008 கோடையில் பெட்ரோல் விலை கேலன் 4 டாலரைத் தாண்டியதும் பெரிய லோரியை வாங்க ஆளில்லை. அந்த ஆண்டின் நிதி நெருக்கடி மீதியை முடித்தது. 2009 ஏப்ரல் 30-இல் கிரைஸ்லரும் ஜூன் 1-இல் ஜெனரல் மோட்டார்சும் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் சென்றன. இதற்கெல்லாம் கோழி வரிதான் காரணம் என்று பழி போட மாட்டேன். ஓய்வூதியச் சுமை, மருத்துவக் காப்புச் செலவு, நிர்வாகத்தின் மெத்தனம் எல்லாம் சேர்ந்தன. ஆனால் போட்டியே இல்லாத ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளும் பழக்கத்தை அந்த வரி வளர்த்தது என்பதில் எனக்கு ஐயமில்லை.

அதற்குச் சாட்சி ரேஞ்சர். அமெரிக்காவில் விற்ற ரேஞ்சரை ஃபோர்டு 1998-க்குப் பிறகு பெரிதாகப் புதுப்பிக்கவில்லை. வெளியிலிருந்து போட்டி வராது என்றால் ஏன் செலவு செய்ய வேண்டும்? 2011 டிசம்பரில் மினசோட்டா மாநிலம் செயின்ட் பால் நகரில் அந்த வண்டியைச் செய்த தொழிற்சாலை மூடப்பட்டது. 1925 முதல் இயங்கிய தொழிற்சாலை அது. சுவர் அப்படியே நின்றது. சுவருக்குள் இருந்த தொழிலாளிக்கு வேலை போனது.

அதே 2011-இல் ஃபோர்டு, ஆஸ்திரேலியாவில் வடிவமைத்த புத்தம் புதிய ரேஞ்சரைத் தாய்லாந்தின் ராயோங்கில் செய்யத் தொடங்கியது. நம் செம்பனைத் தோட்டத்து மண்சாலைகளில் ஹைலக்சுக்குப் போட்டியாக ஓடியதே, அந்த ரேஞ்சர்தான். நம் தோட்டத்து மேற்பார்வையாளர் வாங்க முடிந்த அமெரிக்கப் பெயர் கொண்ட வண்டியை அமெரிக்கர் தம் நாட்டில் வாங்க முடியவில்லை. 2019 மாதிரியாக, மிச்சிகனில் செய்யப்பட்டுத்தான் அது அங்கே திரும்பியது.

இதைச் சொல்லும்போது நம் வீட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 1985-இல் புரோட்டோன் சாகா வந்தபோது நாம் எல்லாரும் பெருமைப்பட்டோம். உயர்ந்த இறக்குமதித் தீர்வை அதற்கு வேலியாக நின்றது. 2017-இல் அதன் 49.9 விழுக்காட்டுப் பங்கு சீனாவின் கீலி நிறுவனத்துக்குப் போனது. அது தனி உரைக்குரிய கதை.

மீண்டும் அமெரிக்கா. சுவரால் காக்கப்பட்ட ஃபோர்டே அந்தச் சுவரை ஏறிக் குதித்த கதை இது. நகர வணிகர்களுக்கு ஏற்ற 'டிரான்சிட் கனெக்ட்' என்ற சிறு சரக்கு வேனை அது துருக்கியில் செய்து 2009 முதல் அமெரிக்காவுக்கு அனுப்பியது. சரக்கு வேன் என்றால் 25 விழுக்காடு. ஆகவே ஒவ்வொரு வேனுக்கும் பின் இருக்கை, இருக்கை வார், பின் சன்னல் எல்லாம் பொருத்திப் பயணிகள் வண்டியாகக் கப்பலேற்றினார்கள். பால்டிமோர் துறைமுகத்தில் 2.5 விழுக்காடு கட்டி இறக்கியதும் இருக்கைகளைப் பிடுங்கி எடுத்து, சன்னல்களை மாற்றித் தகடு அடித்தார்கள். புத்தம் புதிய இருக்கைகள், ஒருவரும் உட்காராமலேயே உடைத்துத் துண்டாக்கப்பட்டன. சுங்கத்துறை 2013-இல் இது சரக்கு வேன்தான் என்று தீர்மானித்தது. ஃபோர்டு வழக்குத் தொடுத்து 2017-இல் வென்றது. 2019-இல் மேல்முறையீட்டில் தோற்றது. 2020-இல் உச்ச நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்தது. கடைசியில் 2024-இல் 365 மில்லியன் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

இவ்வளவு தொல்லை கொடுத்த வரியை ஏன் எடுத்துவிடவில்லை என்று கேட்பீர்கள். எடுக்க முயற்சி நடந்தபோதெல்லாம் முதலில் எதிர்த்தவர்கள் டெட்ராய்ட் நிறுவனங்களும் மோட்டார் வாகனத் தொழிற்சங்கமும்தான். 2004-இல் தாய்லாந்துடன் தடையற்ற வணிகப் பேச்சு தொடங்கியபோது தாய்லாந்து பிக்-அப்புக்குக் கதவு திறக்கக் கூடாது என்று அவர்கள் பிடிவாதமாக நின்றார்கள். 2006-இல் பாங்காக்கில் இராணுவப் புரட்சி நடந்து பேச்சு நின்றது. ஜப்பானும் கலந்துகொண்ட பசிபிக் வட்டார உடன்பாட்டில் லோரித் தீர்வையை நீக்க 30 ஆண்டு தவணை கேட்டார்கள். 2017-இல் அமெரிக்கா அந்த உடன்பாட்டிலிருந்தே வெளியேறியது. தென்கொரியாவுக்கு 2021-இல் நீக்குவதாகச் சொல்லியிருந்த தீர்வையை 2018-இல் மறுபடியும் பேசி 2041 வரை தள்ளிவைத்தார்கள். அந்த ஆண்டே அதிபர் டிரம்ப், கோழி வரியால்தான் லோரித் தொழில் செழிக்கிறது, கார்களுக்கும் அப்படியே செய்ய வேண்டும் என்றார். 2025 ஏப்ரலில் இறக்குமதிக் கார்களுக்கும் இலகு லோரிகளுக்கும் மேலும் 25 விழுக்காடு விதிக்கப்பட்டது.

இதற்கிடையே, 2021-இல் ஃபோர்டு மறுபடியும் ஒரு சிறு பிக்-அப்பை அமெரிக்கர்களுக்கு அறிமுகப்படுத்தியது. பெயர் 'மேவரிக்'. ஆர்டர்கள் குவிந்து, சில மாதங்களிலேயே முன்பதிவை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. அது செய்யப்பட்ட இடம் மெக்சிகோவின் எர்மோசியோ நகரம்.