குடியும் குடியுரிமையும்: ஆலங்குடிச் சீமையும் இலங்கை மலையகமும்

ஆலங்குடி என்னும் ஊர்ப்பெயரின் ஈற்றில் நிற்கும் ‘குடி’ என்னும் சொல் வீட்டையும் குடும்பத்தையும் ஊரையும் ஒருங்கே குறிப்பது. குடிபுகுதல், குடிபெயர்தல், குடியேற்றம் என்பன அதன்வழி வந்தவை. நம் காலத்து அரசியல் வழக்காகிய குடியுரிமை என்பதும் அதனடியாகவே ஆக்கப்பெற்றது. புதுக்கோட்டை நாட்டிலிருந்தும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலிருந்தும் இலங்கை மலையகம் புகுந்தோர்க்குக் குடி கிடைத்தது. குடியுரிமை கிடைப்பதற்குத் தலைமுறைகள் பல கழிந்தன. அயல்நாட்டில் ‘நிலையாகக் குடியிருத்தல்’ எனப்பட்டது யாது என்னும் ஒரு வினாவை மட்டும் ஈண்டு ஆராய்வாம்.

நாம் கூறும் ஆலங்குடி, குருத்தலம் எனப் பெயர்பெற்ற சோழநாட்டு ஆலங்குடியன்று. புதுக்கோட்டைத் தனியரசின் மூன்று வட்டங்களுள் ஒன்றன் தலையூர். குளத்தூர், திருமயம் என்பன ஏனைய இரண்டு. 1948 மார்ச்சு 3-இல் அத்தனியரசு சென்னை மாகாணத்தோடு இணைந்தது. 1974-இல் தனி மாவட்டமாயிற்று. ஏரியையும் கண்மாயையும் வானத்தையும் நம்பிய நிலம் இது. மழை பொய்த்தவிடத்து ஊர்விட்டுப் போதல் இயல்பே. கடல் கடத்தலும் இந்நாட்டார்க்குப் புதிதன்று. கொடும்பாளூர் மணிக்கிராமம் கல்வெட்டுகளில் பயின்ற பெயர். மணிக்கிராமத்தார் என்னும் வணிகக் குழுவின் பெயர் தாய்லாந்து நாட்டுத் தகுவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டிலும் காணப்படுகிறது. அங்குத் தொடப்பட்ட குளமொன்று அவர்தம் அடைக்கலமாக வைக்கப்பட்டதை அது கூறுகின்றது. அயல்மண்ணில் தமிழர் கல்லில் எழுதிவைத்த செய்தி குளத்தைப் பற்றியது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

பிற்காலத்தில் இத்தனியரசிலிருந்து கடல் கடந்தோர் இருதிறத்தினர். திருமயம் வட்டத்து நகரத்தார் பர்மா, மலாயா, சிங்கப்பூர் முதலிய இடங்களில் கொடுக்கல் வாங்கல் நடத்தினர். அவர்தம் உறையுள் கிட்டங்கி எனப்பட்டது. நீண்ட கூடம், ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு பெட்டி, ஒரு சாய்மேசை, ஒரு பாய். பகலில் கடையாவது இரவில் படுக்கையாகும். முகவர் மூவாண்டளவில் தம் தவணை முடித்து ஊர் மீள்வர். குடும்பம் உடன் செல்லும் வழக்கம் நெடுங்காலம் இல்லை. கடல்வழிச் செலவு மகளிரொடு நிகழ்தல் இல்லை எனத் தொல்காப்பிய அகத்திணையியல் கூறும். உரையாசிரியர்கள் அந்நூற்பாவின் பொருளில் வேறுபடினும், கிட்டங்கி வாழ்வு அவ்விதியை இருபதாம் நூற்றாண்டிலும் காத்தது எனலாம். ஆகவே கிட்டங்கி எத்துணை ஆண்டு நிலைப்பினும் குடியாகவில்லை.

தோட்டத் தொழிலாளர் நிலை வேறு. அதனை வேறாக்கியது பயிர் என்பது நம் கருத்து. 1820-களில் தொடங்கிய காப்பிப் பயிர்க்குப் பறிப்புக் காலத்திலேயே ஆள் மிகுதியும் வேண்டப்பட்டது. ஆடவர் கங்காணியொடு படகேறி மன்னார்க் கரை இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, பணி முடிந்தபின் மீண்டனர். வழியில் நோயாலும் பசியாலும் மாண்டோர் பலர். 1869-இல் இலைநோய் தோன்றிக் காப்பி அழிய, அதனிடத்தைத் தேயிலை கொண்டது. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. கொழுந்து பறித்தற்கு மகளிர் கை வேண்டப்பட்டது. மகளிர் வந்தனர், மக்கட்பேறு அங்கே நிகழ்ந்தது, இடுகாடும் அங்கே அமைந்தது. தோட்டத்துரை விரும்பியது உழைப்பையே யெனினும் உண்டானது குடி.

அக்குடிக்குக் கிடைத்த இல்லம் லயம். வரிசையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் திரிபு இது. குதிரை கட்டும் லாயத்தொடு ஒலியொத்தது தற்செயலே. ஆயினும் மலையக மக்கள் அவ்வொப்புமையை அறியாதவரல்லர். ஒரு குடும்பத்துக்கு ஓரறை, பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. அதன் பெயர் காம்பரா. இது போர்த்துக்கேசியவழி வந்த சொல். காலையில் ஆட்கணக்கெடுக்கும் பிரட்டு, வேலைப் பதிவைக் குறிக்கும் பேர்பதிதல் ஆகிய வழக்குகளும் தொகுத்து ஆராயத்தக்கன. கங்காணி தன் ஊரிலும் உறவிலுமே ஆள் திரட்டியமையால் ஊரின் உறவுமுறையும் சாதிப் பிரிவும் லயத்திலும் தொடர்ந்தன. தோட்டந்தோறும் மாரியம்மன் கோயில் எழுந்தது. காமன் கூத்து ஆடப்பெற்றது. ஆனால் லயத்தின் கூரையும் அதன் கீழ் மண்ணும் தோட்டத்துக்கு உரியன. வேலை போயின் காம்பராவும் போம்.

இந்நிலையிற்றான் சட்டம் தன் வினாவை எழுப்பியது. 1948-ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தந்தை இலங்கையில் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. தொழிலாளருள் பெரும்பாலார்க்கு அது காட்ட இயலவில்லை. 1949-ஆம் ஆண்டு இந்திய பாக்கிசுத்தானியர் சட்டம் வேறொரு வழி திறந்தது. மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடையறாது வாழ்ந்தமையை மெய்ப்பித்தல் வேண்டும். மனைவி மக்களும் உடனுறைந்திருத்தல் வேண்டும். ஒருமுறை 12 மாதத்திற்கு மேல் நாடு நீங்கியிருப்பின் தொடர்ச்சி அறுந்ததாகும். ஊருக்குப் பணம் அனுப்பியமையும் நிலையாகத் தங்கும் எண்ணமின்மைக்கு அடையாளமாக எடுத்துக்காட்டப்பட்டது. தாய்க்குக் காசனுப்பியவன் இலங்கையைத் தன் நாடாகக் கொள்ளாதவன் என்னும் இவ்வளவை எந்த அளவை நூலுக்கும் அடங்காது. எட்டிலக்கத்துக்கு மேற்பட்டோர்க்காக விண்ணப்பங்கள் சென்றன; பதிவு பெற்றோர் ஏறத்தாழ 1,34,000.

இந்தியச் சட்டமோ நேர்மாறாக வினவியது. அரசியலமைப்பின் 8-ஆம் உறுப்பின்படி, தாமோ பெற்றோரோ அவர்தம் பெற்றோரோ இந்தியாவிற் பிறந்தமை காட்டுவோர் வெளிநாட்டிலிருந்தே இந்தியக் குடியினராகப் பதியலாம். ஒரு சட்டம் ஊரை மறந்தாயா என்றது. மற்றொன்று பாட்டன் ஊர் யாது என்றது. இரண்டுக்கும் விடை சொல்ல வேண்டியவர் ஒரே காம்பராவில் இருந்தனர். ஆலங்குடியைக் கண்ணாற் காணாத பேரனுக்கும் அப்பெயர் வழக்குரைக்கும் சான்றாயிற்று.

1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமா–சாத்திரி உடன்படிக்கை 9,75,000 பேரை எண்ணாற் பகுத்தது: 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பின்னர் முடிவு செய்தற்கு. அவ்வெச்சத்தையும் 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாக்கிக்கொண்டன. தாயகம் திரும்பியோர் என அரசு பெயரிட்டோருள் பலர் அத்தாயகத்தை முதன்முறை கண்டவர். தம் ஊர் ஆலங்குடி வட்டம் என்றோரெல்லாம் ஆலங்குடிக்கே மீண்டனர் எனக் கொள்ளலாகாது. கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளில் மீண்டும் தேயிலை நிரையிடையே வாழ்வு தொடங்கினோர் மிகப் பலர். அங்கு வடக்கத்தியான் எனப்பட்டவர் இங்குச் சிலோன்காரர் எனப்பட்டனர்.

இலங்கையில் நாடற்றோராய் எஞ்சியோர்க்கு 2003-ஆம் ஆண்டு 35-ஆம் எண் சட்டம் வழி செய்தது. 1964 அக்டோபர் 30 முதல் அங்கு நிலையாக வாழ்ந்த இந்திய வமிசாவளியினரும் அவர்தம் வழியினரும் இலங்கைக் குடியினராயினர். நிலத்தின் செய்தி வேறு. குடும்பத்துக்கு 7 பேர்ச் நிலமும் உறுதிப் பத்திரமும் தந்து தனிவீடு கட்டும் திட்டம் அதற்குப் பல்லாண்டு பிற்பட்டது. இந்திய அரசின் உதவியும் அதிற் சேர்ந்தது. அவ்வீடுகள் எழுந்த மலைச்சரிவுகளில் பழைய லயங்களிலும் மக்கள் குடியிருக்கின்றனர்.